கண்ணை மூடிக்கொண்டு ஏறியவள்

"பெட்டி கனமா இருந்தா நான் என்ன சார் பண்ண முடியும்? உள்ள வச்சு அடுக்கினது நானா?"

விமான நிலையக் கவுண்டரில் நின்றுகொண்டு சின்னவள் இப்படிக் கேட்டதும், பெட்டிக்குரிய பயணி புகார் கொடுத்ததும், அவள் வீட்டுக்கு வந்து போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்ததும் போன வாரமே சொல்லியாயிற்று. போர்வைக்குள் இருந்தபடியே மூன்று வேளையும் சாப்பிட்டாள் என்பதை மட்டும் அவள் மானம் கருதிச் சொல்லாமல் விட்டிருந்தோம்.

இன்று அவள் எழுந்துதான் ஆகவேண்டும். பயிற்சிக் காலம் இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று சொல்வதற்காக, ஷிஃப்ட் முடிந்ததும் மேலாளர் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே விமான நிறுவனத்தில் வேலை. பெரியவள் கேட்டில் நிற்பவள். பயணிகளின் சீட்டைச் சரிபார்த்து விமானத்துக்கு அனுப்புவது அவள் வேலை. பல வருடப் பழக்கம். சின்னவள் முன்ஹாலில் பெட்டிகளை எடைபோட்டு வாங்கும் கவுண்டருக்குப் புதிதாக வந்தவள். அம்மா இவர்களுடைய சிறுவயதிலேயே காலமாகிவிட்டாள். வளர்த்தது அப்பா. வளர்த்தது மட்டுமா, இன்றுவரை தலைவாரிவிடுவதும் அவர்தான். வீட்டின் முன்னறையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். காலையில் முதல் வாடிக்கையாளர் வரும்வரை அந்தச் சுழல் நாற்காலி மகள்களுக்குச் சொந்தம்.

"தலையை ஆட்டாதே," என்றார் அப்பா, வாயில் கொண்டை ஊசிகளோடு.

"நான் ஆட்டலைப்பா. அதுவா ஆடுது."

"பயமா?"

"பயமெல்லாம் இல்ல. வயித்துக்குள்ள என்னவோ பண்ணுது."

"அதுக்குப் பேருதான் பயம்," என்றாள் பெரியவள், ஷூவைத் துடைத்தபடி.

கொண்டை எந்த உயரத்தில் இருக்கவேண்டும், எப்படி இருக்கவேண்டும் என்று நிறுவனம் ஒரு படமே போட்டுக் கொடுத்திருந்தது. அப்பா அதை ஒரே ஒருமுறை பார்த்தார். "இதை வரைஞ்சவன் சீப்பையே பிடிச்சதில்ல போலிருக்கு," என்று ஓரமாக வைத்துவிட்டுத் தன் போக்கில் போட ஆரம்பித்தார். தண்ணீரைத் தெளித்து, படிய வாரி, இறுக்கிச் சுருட்டி, வலைபோட்டு அவர் ஊசி குத்தினால், புயலே அடித்தாலும் ஒரு முடி பிசகாது. என்ன ஒன்று, பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு மகள்களும் ஒரே அச்சு. கூட வேலை பார்ப்பவர்களே ஆள் மாற்றிக் கூப்பிடுவது வழக்கம்.

"மேலாளர் கேட்டா என்ன சொல்லப்போற?" என்றாள் பெரியவள்.

"தப்பு என்மேலதான்னு."

"அந்த ஆளு பெட்டியைத் தூக்கி உன் கால்ல போட்டாரே, அதை?"

"அதைச் சொன்னா எதிர்த்துப் பேசற மாதிரி இருக்கும்கா."

"ஆமா, நீ எதிர்த்தே பேசாதவ!"

அப்பா கடைசி ஊசியைக் குத்திவிட்டு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, சின்னவளைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்தினார். "வேலை போனா போகட்டும். கடையில உனக்கொரு சீப்பு எடுத்து வைக்கிறேன்."

"வர்றவங்க தலையையும் நான் எதிர்த்துப் பேசுவேன்பா," என்றாள் சின்னவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

*

மேலாளருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் கடிகாரம். விமானம் நேரத்துக்குக் கிளம்பியதா என்ற ஒரு கேள்விக்குள் அவருடைய உலகம் அடக்கம். மனைவிக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது, ஆணா பெண்ணா என்று கேட்காமல், "குறிச்ச நேரத்துக்கா?" என்று கேட்டாராம். நல்லவர், பொல்லாதவர் என்று அவரைப் பிரிக்க முடியாது. நேரத்துக்கு இருப்பவர், அவ்வளவுதான்.

அந்தக் கடிகாரம் இன்று காலையிலிருந்து கவுண்டருக்குப் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

சின்னவளின் பணிவு எல்லை மீறிக்கொண்டிருந்தது. "மெதுவா வைங்க சார், இடுப்பு பிடிச்சுக்கப்போகுது." "அம்மா, இந்தப் பை எவ்வளவு அழகா இருக்கு!" பெட்டிகளை இழுத்துச்செல்லும் பெல்ட் ஒருதரம் முனகி நின்றபோது, அதனிடமும் "மன்னிக்கணும்" என்றாள்.

வரிசை பாதி குறைந்திருக்கும். ஒரு பெட்டியில் சீட்டு ஒட்டுவதற்காக அவள் ஹாலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்த நேரம், பின்னாலிருந்து ஒரு குரல் கூவியது.

"அதே கொண்டை!"

திரும்புவதற்குள் இரண்டு கைகள் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டன. மாவும் வெண்ணெயுமாக ஒரு வாசனை. நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, வரிசையை விட்டு, கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால், மார்பளவுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு மனிதர்.

"அம்மா, உள்ள வரக்கூடாது..." என்று கடிகாரம் ஆரம்பித்தது.

"நீங்க இருங்க சார்," என்றாள் அந்த அம்மாள். "எத்தனை நாளா இந்தப் பொண்ணைத் தேடறேன். ஊருக்குத் திரும்பி வந்தப்போ இல்ல. அப்புறம் ஒருதரம் வந்து கேட்டா, அடையாளம் சொல்லுங்கன்னாங்க. கொண்டை போட்ட பொண்ணுன்னேன். இங்க எல்லாருமே கொண்டைதான்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. ஆனா இந்தக் கொண்டை வேற. இது எனக்குத் தெரியும்." சின்னவளின் கன்னங்களை இரண்டு உள்ளங்கைகளுக்கிடையில் பிடித்துக்கொண்டாள். "மழை கொட்டின அன்னைக்கு, கேட்ல தரையில உட்கார்ந்து அழுதுட்டிருந்தேனே, ஞாபகம் இருக்கா கண்ணு?"

சின்னவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. இருந்தால்தானே வருவதற்கு.

"நீ மட்டும் அன்னைக்கு என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகலைன்னா," அந்த அம்மாள் ஒல்லி மனிதரைக் காட்டினாள், "இதோ, என் தம்பி இன்னைக்கு இல்ல."

வரிசையில் நின்றவர்கள் கவுண்டரை நெருங்கினார்கள்.

யாரும் கேட்காமலே அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். ரொட்டிக்கடை வைத்திருப்பவள். தம்பி வேறு ஊரில், கடல் தாண்டி. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து போயிற்று. அக்காவுடையது பொருந்துகிறது, உடனே வரவேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து சொல்லிவிட்டார்கள். மறுநாள் அறுவை சிகிச்சை.

"உடம்பை அறுத்து எடுத்துக்கோங்கன்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் யோசனை வரல சார். விமானத்துல ஏறத்தான் உயிர் போச்சு. அதுவரைக்கும் ஏறினதே இல்ல. கேட் வரைக்கும் வந்துட்டேன். விமானத்தோட வாசலுக்குப் போற அந்தக் கூண்டுப் பாதை இருக்கே, அதைப் பார்த்ததும் கால் மரத்துப்போச்சு. அப்படியே தரையில உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். எல்லாரும் ஏறியாச்சு. கதவை மூடணும், மூடணும்னு யாரோ கத்தறாங்க. ஒருத்தரும் என் பக்கத்துல வரல. இந்தப் பொண்ணு வந்துச்சு. வந்து எழுந்திருங்கன்னு சொல்லல. என் பக்கத்துல, அந்த ஈரத் தரையில, அதுவும் உட்கார்ந்துச்சு."

சின்னவளுக்கு இப்போது புரிந்தது.

அந்த மழை நாள். அக்கா பாவாடையெல்லாம் ஈரமாக வீட்டுக்கு வந்தாள். "கேட்ல கொஞ்சம் தாமதமாயிடுச்சு, திட்டு விழுந்துது," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். திட்டியது இதே கடிகாரம்தான்.

அந்தக் கடிகாரம் இப்போது சின்னவளை வேறுவிதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் பயிற்சிக்காக அவளும் சில நாள் கேட்டில் நின்றதுண்டு. ஆகவே அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"இது நீ செஞ்சதா? ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்குப் பல்வரிசை இருப்பதையே சின்னவள் இன்றுதான் பார்த்தாள்.

தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம். ஓர் ஆட்டு ஆட்டினால் புகார், பெட்டிக்காரர், பயிற்சிக் காலம் எல்லாம் அடிபட்டுப் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவள் வந்தாள். நடக்க முடியாத ஒரு பயணியை அழைத்துப்போக, காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்ஹாலுக்கு வந்தவள், கவுண்டர் அருகே கூட்டத்தைப் பார்த்து, கடிகாரம் கேட்டது காதில் விழ, நின்றாள். ரொட்டிக்கடை அம்மாவைப் பார்த்தாள். கடிகாரத்தின் பல்வரிசையைப் பார்த்தாள். கடைசியாகத் தங்கையைப் பார்த்தாள்.

பார்த்து, கண்ணாலேயே சொன்னாள்: 'ஆமான்னு சொல்லு.'

சிறுவயதில், புது ஷேவிங் க்ரீமைப் பிதுக்கிச் சுவரில் அப்பியது யார் என்று அப்பா கேட்டபோதெல்லாம் இருவரும் பேசிக்கொண்ட அதே கண்பாஷை. அப்போதும் அக்காதான் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வாள். இப்போது பழிக்குப் பதிலாகப் பெருமையைத் தூக்கிக் கொடுக்கிறாள். 

சின்னவள் தன் கன்னத்திலிருந்த கைகளை மெல்ல எடுத்தாள்.

"அம்மா, அது நான் இல்ல. எங்க அக்கா. அதோ நிக்கறாளே, அவ."

"இல்லம்மா, அவதான்," என்றாள் பெரியவள் சட்டென்று. "அவளுக்குக் கூச்சம், அதான்."

"எனக்கா கூச்சம்? சார், இவ பொய் சொல்றா."

"அவதான் சார் பொய் சொல்றா."

"யாரா இருந்தாலும் ஒரு முடிவுக்கு வாங்கம்மா," என்றார் வரிசையில் முதலாவதாக நின்றவர். "எனக்கு விமானம் போயிடும்."

ரொட்டிக்கடை அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொண்டை ரெண்டும் ஒண்ணா இருக்கே! நான் முகத்தைப் பார்க்கவே இல்லையே. சீட்ல உட்கார வச்சு பெல்ட் போட்டப்புறம்தான் கண்ணைத் திறந்தேன். அதுக்குள்ள திரும்பி நடந்துட்டே. பின்னந்தலையைத்தான் பார்த்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "சரி. அன்னைக்கு என் காதுகிட்ட வந்து ஒண்ணு சொன்னியே, அது என்ன? சொல்லுங்க பார்ப்போம்."

"எனக்குத் தெரியவே தெரியாது," என்றாள் சின்னவள் வெற்றியோடு. "அவளைக் கேளுங்க."

பெரியவளின் காதுகள் சிவந்தன. "அதை... இங்க வேண்டாமே."

"இந்தக் குரல்தான்!" ரொட்டிக்கடை அம்மா ஒரே எட்டில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்படி என்னதான்கா சொன்ன?" என்றாள் சின்னவள்.

ரொட்டிக்கடை அம்மாதான் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "'எனக்கும் பயம்தாம்மா'ன்னா. 'இத்தனை வருஷமா எல்லாரையும் ஏத்திவிடறேன். நான் ஒரு தடவைகூட ஏறினதில்ல. விமானத்தோட கதவு வரைக்கும் போவேன், அதைத் தாண்டி உள்ள கால் வச்சதில்ல. நீங்க வாங்க, உங்களுக்காக நானும் சீட் வரைக்கும் வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம்'னு சொன்னா. அதுக்கப்புறம்தான் எனக்கு எழுந்திருக்க முடிஞ்சுது. என் கை நடுங்கினதைவிட அவ கை அதிகமா நடுங்குச்சு சார்."

சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஊழியர்களுக்கு வருடாவருடம் இலவசப் பயணம் உண்டு. அக்கா ஒருதரம்கூடப் போனதில்லை. 'அப்பாவைத் தனியா விட்டுட்டு எங்க போறது' என்பாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் இப்படியொரு பெண் உண்டா என்று மெச்சுவார்கள். அப்பாகூட அதைச் சொல்லிச் சொல்லி உருகுவார்.

"அன்னைக்கு விமானம் தாமதமாச்சு," என்றார் கடிகாரம் மெதுவாக. "நான் உன்கிட்ட விளக்கம் கேட்டேன்."

"ஆமா சார்."

"நீ இதைச் சொல்லவே இல்லையே."

"எவ்வளவு தாமதம்னு கேட்டீங்க. சொன்னேன். ஏன்னு நீங்க கேட்கல சார்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கடிகாரம் வழக்கம்போல் தன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. தன் ஷூவைப் பார்த்தது.

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பக்கத்துக் கவுண்டரிலும் தட்டினார்கள். முதலாவதாக நின்ற அவசரக்காரர்கூடப் பாஸ்போர்ட்டை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "சரி, இப்ப என் பெட்டியை எடுங்க," என்றார்.

பெரியவள் தடுமாறி நின்றாள். திட்டுக்குப் பதில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். நன்றிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை வருட வழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கணும்."

ஹால் முழுக்கச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே முகம் கோணி அழுகையாயிற்று.

தம்பிக்காரர் அட்டைப்பெட்டிகளை ஒருவழியாகக் கவுண்டர்மேல் இறக்கிவைத்தார். "எனக்குச் சரியாப் பேச வராதும்மா. சைக்கிள் ரிப்பேர் பண்றவன்," என்றார். "உடம்புக்கு வந்ததும் கடையைப் பூட்டிட்டேன். அடுத்த மாசம் மறுபடியும் திறக்கறேன். அதுக்குத்தான் அக்காவும் இப்ப என்கூட வர்றா. வாசல்ல ரிப்பன் கட்டுவோம். அதை நீங்கதான் வெட்டணும். எங்க ஊருக்கு வரணும்."

"நானா?" என்றாள் பெரியவள். "உங்க ஊருக்கா? விமானத்துலயா?"

"கப்பல்ல வந்தா கடை பழசாயிடும்," என்றாள் ரொட்டிக்கடை அம்மா.

அட்டைப்பெட்டிகளில் இருந்தவை கேக்குகள். இன்று விடியற்காலையில் அடுப்பிலிருந்து எடுத்தவை. கண்டுபிடித்தால் அந்தப் பெண்ணுக்கு, கண்டுபிடிக்காவிட்டால் கேட்டில் யார் இருந்தாலும் அவர்களுக்கு என்று செய்ததாம்.

"விதிப்படி பயணிகள்கிட்ட பரிசு வாங்கக்கூடாது," என்றார் கடிகாரம்.

"இது பரிசு இல்ல சார். பசிச்சா திங்கறது."

கடிகாரம் இந்த வாதத்தைச் சற்று நேரம் நின்று பரிசீலித்தது. பிறகு ஒரு துண்டை எடுத்துக்கொண்டது.

*

விமானம் ஏறும் நேரம் வந்தது. ரொட்டிக்கடை அம்மா இன்று கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, தம்பி முன்னால் நடக்க, பெரியவளின் கையைப் பிடித்தபடி கூண்டுப் பாதையில் போனாள். விமானத்தின் கதவருகே வந்ததும் பெரியவளின் கால் தன்னால் நின்றது. உள்ளே பணிப்பெண் சிரித்தபடி வழிவிட்டு நின்றாள். கதவுக்கும் பாதைக்கும் இடையில் ஒரு சின்ன இடுக்கு. அதன் வழியாகக் கீழே தரை தெரிந்தது.

"சீட் வரைக்கும் வர்றியா?" என்றாள் அந்த அம்மாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா. நேரத்துக்குக் கிளம்பணும்."

"பயமா?"

"ஆமா," என்றாள் பெரியவள்.

"அடுத்த மாசம் நீயும் கண்ணை மூடிக்கிட்டே வா. வந்தா போதும்," என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனாள். விமானம் நேரத்துக்குக் கிளம்பிற்று.

*

ஷிஃப்ட் முடிந்து சின்னவள் மேலாளர் அறைக்குள் நுழைந்தபோது, அவர் மேசைமேல் கேக் துகள் சிதறிக் கிடந்தது.

"அந்தப் பெட்டிக்காரர் பெட்டியை உன் கால்ல போட்டாராமே?"

"யார் சார் சொன்னா?"

"உங்க அக்கா. காலைல முதல் வேலையா வந்து சொல்லிட்டுத்தான் கேட்டுக்குப் போனா." கடிகாரம் நாற்காலியில் சாய்ந்தது. "ஒண்ணு கேட்கறேன். நீ ஆமான்னு தலையாட்டியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் ஆட்டல?"

சின்னவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு நீங்க திட்டினப்போ அக்கா சாப்பிடாம படுத்துட்டா சார். திட்டை அவ வாங்கிக்கிட்டா. நன்றியை நான் வாங்கிக்கிட்டா, அவளுக்குன்னு என்ன சார் மிச்சம்?"

கடிகாரம் மேசைமேலிருந்த துகள்களைக் கையால் ஒதுக்கியது. வெகு கவனமாக ஒதுக்கியது.

"நாளைக்குக் காலை ஷிஃப்ட். நேரத்துக்கு வா."

"அப்படின்னா சார்..."

"அப்படின்னா நேரத்துக்கு வான்னு அர்த்தம். இனிமே எவனாவது பெட்டியைக் கால்ல போட்டா, முதல்ல என்னைக் கூப்பிடு. அப்புறம் கேள்வி கேளு."

அவள் கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து, "உங்க அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. "பரவாயில்ல, நானே சொல்லிக்கறேன்."

*

வீடு திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. வேலை நிலைத்துவிட்ட சந்தோஷத்தைப் பேசித் தீர்த்ததும், சின்னவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லல. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தங்ககிட்ட சொன்ன."

"உன்கிட்ட சொன்னா சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன்தான்." யோசித்தாள். "நல்லா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். அப்புறம் உன்கூட வந்து உட்கார்ந்திருப்பேன்கா."

பெரியவள் தங்கையின் கொண்டையிலிருந்து எட்டிப்பார்த்த ஓர் ஊசியை உள்ளே தள்ளிவிட்டாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே. பாவம், அவருக்காகத்தான் நான் எங்கயும் போகலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்."

சின்னவள் சத்தியம் செய்தாள். வீட்டு வாசலில் கால் வைத்த மறுகணம், "அப்பா, இவ ஒரு பயந்தாங்கொள்ளிப்பா!" என்று கத்தினாள்.

கடையில் கடைசி வாடிக்கையாளர் போயிருந்தார். அப்பா தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். கேக் பெட்டியைப் பிரித்துவைத்து, சின்னவள் அன்றைய நாளை நடித்தே காட்டினாள். கொண்டையைப் பார்த்துக் கூவியது, இருவரும் மாறி மாறி அவள்தான் அவள்தான் என்றது, கடிகாரம் ஷூவைப் பார்த்தது எல்லாம். பெரியவளை உட்காரவைத்த சுழல் நாற்காலிதான் விமானம்.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி, நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே, என்னை விட்டுப் போகமாட்டா என் பொண்ணுன்னு!"

"போகமாட்டேன்தான்பா. கொஞ்சம் பாசம், கொஞ்சம் பயம்," என்றாள் பெரியவள்.

"எது அதிகம்?"

"கேக்கைச் சாப்பிடுங்கப்பா."

அவர் சாப்பிட்டார். ஒரு வாய் உள்ளே போனதும் கேட்டார். "ஆமா, அந்தம்மா யாருக்காக அவ்வளவு பயத்தோட ஏறினாங்க? அதைச் சரியாச் சொல்லலையே நீ."

"அவங்க தம்பிக்கு. சிறுநீரகம் கொடுக்க."

"கூடப் பிறந்த தம்பியா?"

"ஆமாப்பா. அவர்தான் கடை திறக்க நம்ம அக்காவைக் கூப்பிட்டிருக்கார்."

அப்பா கேக்கைக் கீழே வைத்தார். "எந்த ஊருன்னு சொன்னே?"

சின்னவள் ஊர்ப்பெயரைச் சொன்னாள். சொன்ன வேகத்தில் அவர் முகத்தைக் கவனிக்காமல் மேலே பேசிக்கொண்டே போனாள். "நீங்களும் வாங்கப்பா. ஊழியர் குடும்பத்துக்கு டிக்கெட் இலவசம்தானே? அக்காவுக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். நடுவுல போட்டு அமுக்கிக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"நான் இன்னும் வர்றேன்னே சொல்லலையே," என்றாள் பெரியவள். "அடுத்த மாசம் பார்க்கலாம்."

"அந்த ஊருக்கு நான் வரல," என்றார் அப்பா.

அவர் குரல் அப்படி ஒலித்து மகள்கள் கேட்டதில்லை. சின்னவள்தான் சிரிக்கப் பார்த்தாள். "ஏன்பா, உங்களுக்கும் விமானம்னா பயமா?"

"விமானத்துக்கு என்ன பயம்." துடைப்பத்தை எடுத்தார். கூட்டி முடித்த இடத்தையே மறுபடி கூட்டினார். "அங்க உங்க அத்தை இருக்கா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அத்தை என்ற சொல்லை யாரும் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. அப்பா ஒற்றைப் பிள்ளை. அப்படித்தான் அவர்களுக்குத் தெரியும்.

"எந்த அத்தை?" என்றாள் சின்னவள்.

"என் தங்கச்சி." அப்பா கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "நான் உயிரோட இருக்கேனா இல்லையான்னுகூட அவளுக்குத் தெரியுமோ என்னவோ."

பெரியவள் சுழல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அப்பாவின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் தங்கையிடம் சொன்னபோது குரல் தெளிவாக இருந்தது.

"டிக்கெட் மூணாப் போடு."

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.